கடலுக்குள் ஓடும் அலை மிதக்கும் பனியை எப்படி நகர்த்துகிறது?

ஆர்க்டிக் கடலுக்குள் ஓடும் அலை, மேலே மிதக்கும் பனியை எப்படி அசைக்கும் என்று மும்பை மாட்டுங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அலை கடல்தரையில் ஓடுவதில்லை. உப்புக் குறைந்த உருகுநீர் மேலே, உப்பு மிகுந்த கனமான நீர் கீழே. அந்த எல்லையில் ஓடுகிறது. மழைக்காலத்தில் மித்தி ஆற்று வெள்ளம் மாஹிம் கடல்நீரின்மேல் படர்வதும் இதே அடர்த்தி வேறுபாட்டால்தான்.

மேலடுக்கு 20 மீட்டர், அடர்த்தி வேறுபாடு 0.2 சதவீதம் என்றால் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர். எல்லை பல மீட்டர் ஏறி இறங்கினாலும் மேற்பரப்பு சில சென்டிமீட்டர்தான் அசையும். ஆகவே பனியை நகர்த்துவது அலையின் உயரமல்ல, அதனுடன் வரும் நீரோட்டம். ஓட்டங்கள் கூடும் இடத்தில் சிதறிய பனித்துண்டுகள் பட்டையாகச் சேரும். விலகும் இடத்தில் திறந்த நீர் தெரியும். நெருக்கமாக இறுகிய பனி அப்படி எளிதில் பிரியாது. அங்கே உராய்வால் அலைதான் மெலியும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும், எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. காற்று தள்ளும் பனியின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் பகுதி, இரு நீரடுக்குகளின் எல்லையைக் கிளறி அலை எழுப்பும். அந்த ஆற்றல் பனியின் வேகத்திலிருந்தே போகிறது. 1893-ல் நார்வே ஆய்வாளர் நான்சனின் ஃப்ராம் கப்பலும் இப்படித்தான் அந்த எல்லையில் அலை எழுப்பி, வேகமிழந்து திணறியது. 1904-ல் ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் காரணத்தை விளக்கினார்.

இந்த நீரடுக்குகளை வீட்டில் பார்க்க: லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த, வண்ணமிட்ட நீரின்மேல் நல்ல நீரைக் கரண்டி வழியே மெதுவாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் அடுக்கு கலைந்துவிடும்.