படுத்த மாடு, பார்வையற்ற கிடேரி, பிராய்லர் கோழி: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வகை. அடிமாட்டு வண்டியிலிருந்தோ ரோட்டோரத்திலிருந்தோ மீட்டாயிற்று, காலோ கண்ணோ போய்விட்டது, இனி எப்படி வைத்துக்கொள்வது? மீட்கிற அன்று பத்துப் பேர் கூடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். மறுநாள் சாணி அள்ள ஒருவர்தான் மிச்சம். கடிதம் எழுதுவது அந்த ஒருவர். அரசு கால்நடை மருந்தகத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது வாரம் இரண்டு நாள் ஒரு காப்பகத்தில் வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு கண்ணும் தெரியாத கிடேரி வந்திருக்கிறது. சுவரில் முட்டிக்கொண்டே இருக்கிறது. கட்டியே வைத்துவிடலாமா? (திருச்செங்கோடு)

வேண்டாம். இடம் பழகும்வரைதான் முட்டும். தண்ணீர்த் தொட்டியையும் தீவனத் தொட்டியையும் ஒருமுறை வைத்த இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள். தொட்டியைச் சுற்றி நாலடிக்குச் சரளை கொட்டுங்கள். காலுக்கடியில் தரை மாறினால் தொட்டி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளும். சாதுவான வயசான பசு ஒன்றின் கழுத்தில் மணி கட்டித் துணைக்கு விடுங்கள். கொம்பால் இடிக்கிற மாட்டோடு மட்டும் விடாதீர்கள், வருவதைப் பார்த்து ஒதுங்க இதற்கு வழியில்லை. தொடுவதற்கு முன் குரல் கொடுங்கள். பேர் வைத்தாயிற்றா? அதைச் சொல்லிக்கொண்டே கிட்டப் போங்கள்.

பச்சையே காணாமல் வெறும் வைக்கோலில் வளர்ந்த கன்றுகளுக்கு வைட்டமின் ஏ குறைந்து பார்வை மங்குவதுண்டு. மாலைக்கண் அளவில் பிடித்தால் மீட்டுவிடலாம். உள்ளூர் டாக்டரிடம் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

லாரியிலிருந்து இறக்கிய பசு ஒன்பது நாளாக எழவில்லை. சாப்பிடுகிறது, அசைபோடுகிறது. மெடிக்கலில் வலி ஊசி வாங்கித் தினமும் போடுகிறோம். இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்? (சத்தியமங்கலம்)

முதலில் அது எதன் மேல் படுத்திருக்கிறது என்று எழுதியிருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய கேள்வி. நானூறு கிலோ உடம்பு சிமென்ட் தரையில் ஒரே பக்கமாக ஆறு மணி நேரம் கிடந்தால், அடியில் மாட்டிய காலின் சதையும் நரம்பும் நசுங்க ஆரம்பிக்கும். விழுந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். கன்று போட்ட பசுவாக இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, வண்டியில் வந்ததென்றால் இடுப்பில் அடி. ஆனால் எழ முடியாமல் போவதற்குப் பல நேரம் தரைதான் காரணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். கன்று போட்டுப் படுத்த பசுவுக்குக் கால்சியம் ஏற்றிவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று கல் தரையிலேயே விட்டுவிட்டு வந்தேன். காலையில் கண் பிரகாசமாக இருந்தது, தீவனம் கேட்டது. பின்னங்கால் ஊன்றவில்லை. கடைசிவரை ஊன்றவே இல்லை.

ஒரு அடி ஆழத்துக்கு ஆற்று மணல், அதற்கு மேல் வைக்கோல். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், ராத்திரியும் சேர்த்து. நெஞ்சு தரையில் படிய, தலை நிமிர்ந்து உட்காரும்படி இருபுறமும் வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிற்றில் சேரும் வாயு வெளியே வராது. உப்புசத்தில் ஒரு மணி நேரத்திலேயே உயிர் போகலாம். இடுப்பில் பெல்ட் போட்டுத் தூக்குவது தவறில்லை, தானாகக் கால் ஊன்றுகிறதா என்று பார்க்கச் சில நிமிடம் தூக்குங்கள். மணிக்கணக்காகத் தொங்கவிடுவது சித்திரவதை.

அப்புறம், அந்த ஊசி. புட்டியில் என்ன பெயர் இருக்கிறது? மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைப் போடுவது 2006லேயே தடை செய்யப்பட்டது, கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023இல். இவற்றில் ஏதாவது ஒன்று உடம்பில் இருக்கும்போது மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் சிறுநீரகம் கெட்டு அதுவும் சாகும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பிணந்தின்னிக் கழுகுகள் மிச்சமிருக்கின்றன, நீங்கள் அதன் வாசலில் இருக்கிறீர்கள். மெலாக்சிகாம் போதும், அதையும் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

எத்தனை நாள்? நாளை எண்ண மாட்டேன். தீவனம் கேட்கிறதா, அசைபோடுகிறதா, எழ முயற்சி செய்கிறதா? மூன்றும் இருந்தால் இன்னும் பார்க்கலாம். முயற்சியை விட்டுவிட்டு, படுக்கைப் புண்ணில் புழு வைத்து, பக்கத்தில் இன்னொரு மாடு வந்தால்கூடத் தலையைத் திருப்பாத நிலை வந்தால் நிறுத்திவிடுவதுதான் நியாயம். மீளாத வேதனையில் கிடக்கும் விலங்கை அமைதியாக முடித்துவிட 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இடம் தருகிறது. அந்த முடிவை எடுத்தால் உடலை ஆழமாகப் புதையுங்கள், கழுகு விஷயம் இதற்கும் பொருந்தும்.

பின்னங்கால் ஒன்றை எடுத்த வெள்ளாட்டுக்குச் சக்கர வண்டி வாங்க வேண்டுமா? (மேலூர்)

வேண்டியதில்லை, பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஆட்டின் எடையில் அறுபது சதவீதம்போல முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. பின்னால் ஒன்று போனாலும் சுவரேறிக் குதிக்கும். உடம்பு கொழுக்க விடாதீர்கள், மிஞ்சிய குளம்பை ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிடுங்கள். இரண்டு பின்னங்காலும் செயலிழந்தால்தான் வண்டி. அதிலும் பகலில் கொஞ்ச நேரம்தான், வண்டி மாட்டியிருக்கும்போது ஆட்டால் படுக்க முடியாது.

மாட்டுக்கு எடைதான் பிரச்சினை. ஒரு காலில் உள்ள இரண்டு குளம்பில் ஒன்றை மட்டும் எடுத்தால் நடக்கும். முழுக்காலும் போனால் கஷ்டம். ஜெய்ப்பூரில் கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்துர் மாடுகளுக்குச் செயற்கைக் கால் பொருத்துகிறார். ஆனால் அதைத் தினமும் கழற்றி, துடைத்து, புண் பார்த்து மாட்டிவிட ஆள் வேண்டும்.

வண்டியிலிருந்து விழுந்த ஐந்து பிராய்லர் கோழிகளை எடுத்து வளர்க்கிறேன். வயிறு முட்டத் தீவனம் வைத்தும் இரண்டு நடக்கவில்லை, ஒன்று செத்துவிட்டது. என்ன நோய்? (பல்லடம்)

நோய் என்று தனியாகத் தேட வேண்டாம், வயிறு முட்ட வைத்ததுதான். 40 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டுவதற்கென்றே உருவாக்கிய இனம் அது. 41ஆம் நாளைப் பற்றி உருவாக்கியவர்களுக்குக் கவலை இல்லை. சதை வளர்கிற வேகத்துக்கு இதயமும் கால் எலும்பும் ஈடுகொடுக்காது. பிராய்லர் தீவனத்தை உடனே நிறுத்துங்கள். தானியம், கீரை, கொஞ்சம் புண்ணாக்கு என்று அளந்து காலை மாலை இரு வேளை. பசியோடு உங்கள் பின்னாலேயே வரும், மனசு இளகக் கூடாது. தீவனத்தையும் தண்ணீரையும் எதிரெதிர் மூலையில் வைத்தால் நடக்கும். தரைக்கு உமியோ தேங்காய் நார்த்தூளோ கனமாகப் போட்டு, ஈரமானால் மாற்றுங்கள், இல்லையென்றால் பாதத்தில் புண் வரும். உயரத்தில் ஏற விடாதீர்கள், இறங்கும்போது கால் உடையும். கத்திரி வெயிலில் ஈரச்சாக்கு கட்டுங்கள். இத்தனையும் செய்தாலும் நாட்டுக்கோழி ஆயுசு வராது.

தெருவிலிருந்து வந்த பசு இளைத்துக்கொண்டே போகிறது, வயிறு மட்டும் பெரிதாக இருக்கிறது. சினையா? (ஆவடி)

பிளாஸ்டிக்காக இருக்கலாம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் உங்கள் பக்கத்துத் திருமுல்லைவாயல் பசு ஒன்றின் வயிற்றிலிருந்து 52 கிலோ எடுத்தார்கள். பேதி மருந்துக்கு இது வராது, வயிற்றைத் திறக்கத்தான் வேண்டும். வேப்பேரிக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் பின் நல்ல மாட்டின் இரைப்பைச் சாற்றை உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள், செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதிலிருந்துதான் திரும்ப வரும். ஆணி, கம்பி தின்றிருந்தால் காந்தம் ஒன்றை விழுங்க வைப்பார்கள். அது ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கும், பயப்படாதீர்கள்.

சொந்தமாகக் காப்பகம் ஆரம்பிக்க ஆசை. எத்தனை மாட்டோடு தொடங்கலாம்? (தஞ்சாவூர்)

ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்த மாட்டைப் புரட்ட நான்கு பேர் வேண்டும். உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பசுந்தீவனம் 25 கிலோ, வைக்கோல் ஐந்தாறு கிலோ, தண்ணீர் ஐம்பது லிட்டர் என்று போட்டு, வைகாசி மாத விலையில் கணக்குப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நேற்றுப் பிறந்த காளைக்கன்றுக்கு முன்னங்கால் கணு மடங்கியே இருக்கிறது. "ஜெர்சி காளைக்கன்றுதானே, விட்டுவிடு" என்கிறார்கள். (செய்யாறு)

உங்களுக்கு அன்றே போனில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. கையால் நீட்டினால் கால் நீள்கிறதென்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிவிசி குழாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஓரத்தைத் தேய்த்து, கனமாகப் பஞ்சு சுற்றி, காலின் பின்பக்கம் வைத்துக் கட்டுங்கள். தினமும் அவிழ்த்து, புண் இருக்கிறதா, குளம்பு சில்லிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். கையால் நீட்டியும் வராவிட்டால் டாக்டரிடம் தூக்கிப் போங்கள். சீம்பாலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், நிற்க முடியாவிட்டால் கறந்து புட்டியில் கொடுங்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்து, நிற்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள்.