வயது போனவர்களுக்கு இன்புளுவென்சா ஊசி வீணா?

கேள்வி: என் அம்மம்மாவுக்கு 78 வயது, சலரோகமும் உண்டு. போன வருடம் இரண்டு பேரும் ஒன்றாகவே இன்புளுவென்சா ஊசி போட்டோம். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவவுக்கு ஒரு கிழமை காய்ச்சல். இந்த வருடமும் காசைக் கொட்டத்தான் வேண்டுமா?
- வாசகி, சுன்னாகம்

பதில்: போடுங்கள். அந்தக் காய்ச்சல் இன்புளுவென்சாதானா என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. சளிச்சுரம் தரும் வேறு வைரசுகளை இந்த ஊசி தடுக்காது. இன்புளுவென்சாவே என்றாலும், வீட்டிலேயே மாறியிருந்தால் ஊசி தன் வேலையைச் செய்திருக்கக்கூடும். முதியவர்களில் பார்க்க வேண்டியது நியூமோனியா வந்ததா, வாட்டில் மறித்தார்களா, ஒட்சிசன் தேவைப்பட்டதா என்பதைத்தான்.

வயதோடு பாதுகாப்பு குறைவது உண்மை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வரவரச் சுருங்க, கிருமிகளை எதிர்க்கும் புதிய வெண்கலங்களான ரி-கலங்கள் அருகிவிடும். கிருமியைப் பிடித்து முடக்கும் புரதமான பிறபொருளெதிரியும் குறைவாகவே உண்டாகி, சில மாதங்களில் இறங்கிவிடும். ஆனாலும் லாபம் அவர்களுக்கே அதிகம். கணக்குக்காக இப்படி வையுங்கள்: 1000 முதியவர்களில் 10 பேர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வருகிறது, ஊசி அதில் 40 வீதத்தைத்தான் தடுக்கிறது என்றாலும் 4 பேர் தப்புகிறார்கள். உங்கள் வயதில் 1000க்கு ஒருவர்தான் படுப்பார் என்றால், 60 வீதம் தடுத்தும் ஒரு முழு ஆள் தேறாது!

போடும் காலமும் முக்கியம். இலங்கையில் இன்புளுவென்சா ஏப்ரல் முதல் யூன் வரையும், பிறகு நவம்பர் முதல் சனவரி வரையும் கூடும். பாதுகாப்பு வர இரண்டு கிழமை செல்லும். ஊரெல்லாம் இருமத் தொடங்கியபின் ஓடிப் போவதில் பயன் குறைவு. பெட்டியில் எந்தப் பருவத்துக்குரியது, காலாவதித் திகதி எது என்று பாருங்கள். பாமசியில் வாங்கிக் கொண்டுபோவதானால் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்ட வைத்தால் உறைந்துவிடும். உறைந்ததைப் போடக்கூடாது, பார்வைக்கு நன்றாயிருந்தாலும்.

65 வயதுக்கு மேல் அதிக அளவு ஊசியும் உண்டு: ஒவ்வொரு வைரசு வகைக்கும் 15 மைக்ரோகிராமுக்குப் பதில் 60. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், வழக்கமான ஊசியைவிட இது இன்புளுவென்சாவை 24 வீதம் கூடுதலாகத் தடுத்தது. கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்று வழக்கமானதைத் தள்ளிப்போட வேண்டாம். நியூமோனியா தரும் ஒரு பக்ரீரியாவுக்கு எதிரான நியூமோகொக்கஸ் ஊசி பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள். அதே நாளில் மற்றக் கையில் போடலாம்.

ஊசி போட்டதுதானே என்று இருந்துவிடவும் கூடாது. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நியூமோனியா வரும். சாப்பாட்டில் மனமில்லை, பேச்சுத் தடுமாறுகிறது, மூச்சு வேகமாகிறது என்றால் அன்றே காட்டுங்கள். இன்புளுவென்சா வைரசை அடக்கும் ஒசெல்ராமிவிர் குளிசை, நோய் தொடங்கி முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்மை கூட.

கேள்வி: என் குழந்தைக்கு 4 மாதம். இன்புளுவென்சா ஊசி போடலாமா?
- வாசகி, பருத்தித்துறை

பதில்: 6 மாதம் முடியும்வரை இல்லை. கர்ப்பகாலத்தில் நீங்கள் போட்டிருந்தால் அந்தப் பிறபொருளெதிரி சில மாதம் குழந்தையைக் காக்கும். இல்லாவிட்டால் நீங்களும் தகப்பனும் அம்மம்மாவும் போடுங்கள். பால் கொடுப்பதற்குத் தடையில்லை. 6 மாதத்துக்குப் பிறகு, 8 வயதுவரை, முதன்முறை போடும்போது குறைந்தது 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி. ஒன்றோடு நிறுத்தினால் பாதுகாப்பு அரைகுறைதான். இதைவிட அவசரம், கிளினிக்கில் 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசி. கைக்குழந்தையின் மூச்சையே நிறுத்தக்கூடிய குக்கல் இருமலுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. 4 மாத ஊசி இன்னும் போடவில்லை என்றால் இந்தக் கிழமையே போங்கள்.