தாத்தாவுக்கு ஒரு ஊசி, பேரனுக்கு மூன்றா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. நிமோனியா வராமலிருக்க ஒரே ஊசிதான் போட்டார்கள். பெட்டியில் '23 வகை' என்றிருந்தது. என் மகனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவதோ 10 வகைதான், அதுவும் மூன்று தடவை. அந்த 23-ஐயே இவனுக்கும் போட்டால் என்ன?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பலிக்காது. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி சர்க்கரைச் சங்கிலிகளாலான வழவழப்பான உறையைப் போர்த்தியிருக்கும். 23, 10 என்பது அந்த உறையின் வகைகள். 23 வகை ஊசியில் இருப்பது வெறும் உறைச் சர்க்கரை. பெரியவர்களின் பி செல்கள் (எதிர்ப்புப் புரதம் சுரக்கும் வெள்ளணுக்கள்) அதைக் கண்டதும் யார் துணையும் இல்லாமல் எதிர்ப்புப் புரதம் சுரந்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் அந்தப் பக்குவம் இல்லை. துணைக்கு டி செல்லை (பி செல்லை உசுப்பிவிடும் இன்னொரு வெள்ளணு) கூப்பிடலாமென்றால், அதன் கண்ணில் சர்க்கரை படாது. புரதத் துணுக்கு இருந்தால்தான் திரும்பிப் பார்க்கும்.

அதனால் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப் பிணைப்பால் கோத்துவிடுகிறார்கள். பல தடுப்பூசிகளில் அது சி.ஆர்.எம். 197: ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வீரியமிழந்த டிப்தீரியா நச்சு, விஷப்பல் பிடுங்கிய பாம்பு மாதிரி. சர்க்கரையைப் பிடிக்கும் பி செல் ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்தே விழுங்கி, நறுக்கி, துணுக்கை வெளியே நீட்டும். டி செல் வந்து உசுப்பிவிடும். பிடிமானம் கூடிய எதிர்ப்புப் புரதமும், கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்களும் அதன் பிறகுதான். கோக்காமல் இரண்டையும் ஒரே குப்பியில் கலந்து போட்டால் இது நடக்காது. சர்க்கரையைப் பிடித்த செல்லின் கைக்குப் புரதம் வந்து சேராது.

6-வது, 14-வது வாரங்களில் போடுவது நினைவை விதைக்க. 9 மாதம் முடிந்ததும் போடும் பூஸ்டர் அதை உசுப்பிப் பெருக்க. ஒவ்வொன்றும் 0.5 மி.லி., வலது தொடைத் தசையில். இடது தொடை பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசிக்கு.

கேள்வி: பூஸ்டர் தள்ளிப்போய் 11 மாதமாகிவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? காய்ச்சலுக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம், பூஸ்டரை மட்டும் உடனே போடுங்கள். நினைவுச் செல்கள் இரண்டு மாதத்தில் மறந்துவிடாது. பாராசிட்டமாலை ஊசிக்கு முன்பே கொடுக்காதீர்கள். சில எதிர்ப்புப் புரதங்களின் அளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காய்ச்சல் வந்தபின் கிலோவுக்கு 10–15 மி.கி. எட்டு கிலோ குழந்தைக்கு 120 மி.கி. வரை: 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. ஆனால் மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 மி.லி. மட்டுமே. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும்.