கேள்வி – பதில்: பிரான்சின் வான்சாகச விமானங்கள்

கேள்வி: வான்சாகசத்துக்கான சிறிய விமானங்களைக் கட்டுவதில் பிரான்ஸ் பெயர் பெற்றது எப்படி?

பதில்: 1913 ஆகஸ்டில் பிரெஞ்சு விமானி அடோல்ஃப் பெகூ, பறந்துகொண்டிருந்த புளேரியோ விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார். ஆளில்லாத அந்த விமானம் வானில் புரண்டு புரண்டு நிமிர்ந்ததைக் கண்டவர், விமானியும் இதைச் செய்யலாம் என்று துணிந்து, செப்டம்பரிலேயே தலைகீழாகப் பறந்தும் குட்டிக்கரணம் அடித்தும் காட்டினார். (குட்டிக்கரணத்தில் அவரைச் சில நாட்கள் முந்திக்கொண்டவர் ருஷ்யரான நெஸ்தெரோவ்.)

ஆயினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு விமானக் கழகங்களில் சாகசம் பழகியவர்களுக்குக் கைகொடுத்தது, பெல்ஜியத்தில் வடிவமைக்கப்பட்டு பிரான்சிலும் கட்டப்பட்ட ஸ்டாம்ப் என்னும் ஈரடுக்கு இறக்கை விமானமே. அதன் இடத்துக்கு வந்தது போர் விமான மரபைச் சேர்ந்ததன்று. ஆர்வலர்கள் தாமே கட்டிக்கொள்வதற்காக 1950-களில் கிளோத் பியல் வடிவமைத்த எமரோட் என்ற மர விமானத்தின் வழிவந்தது. அதை வலுப்படுத்தி, விமானத் தயாரிப்பாளர் ஒகுஸ்த் மூத்ரியின் முயற்சியில் உருவான 180 குதிரைத்திறன் கொண்ட காப் 10, 1968 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது.

அதன் இருக்கைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், மாணவரின் கையும் காலும் செய்வதை ஆசிரியர் நேரில் பார்த்துத் திருத்த முடிகிறது. மிதவை வைத்த சாதாரண கார்புரேட்டர் தலைகீழாகப் பறக்கும்போது எரிபொருள் தராமல் போய்விடும் என்பதால், இதில் எரிபொருளை அழுத்தத்தில் பீய்ச்சும் முறை உண்டு. எண்ணெய்க் குழாயிலோ, விமானம் கவிழ்ந்தவுடன் ஓர் உலோகக் குண்டு தானாக உருண்டு ஒரு வழியை அடைத்து மறுவழியைத் திறக்கும். மசகு எண்ணெய் தடைப்படாது.

இதே வரிசையில் ஒற்றை இருக்கை கொண்ட காப் 20 தொடங்கி, 1994-இல் கார்பன் இழை இறக்கையுடன் காப் 232 வரை வந்தது. பிரெஞ்சு விமானி கத்ரீன் மோனூரி 2000-ஆம் ஆண்டில் வான்சாகசத்தில் தம் இரண்டாவது உலக மகளிர் பட்டத்தை வென்றது காப் 232-இல்தான். என் மதிப்பில், பட்டம் வென்ற விமானங்களைவிட, விமானிகளை உருவாக்கிய காப் 10-க்கே முதலிடம்.

கேள்வி: வான்சாகசத்தின்போது ஏறும் சுமையைக் காப் 10-இன் மர இறக்கை தாங்குமா?

பதில்: தாங்கும். விமானத்தின் எடையைப்போல் ஆறு மடங்குச் சுமைக்குக் காப் 10 அனுமதி பெற்றது. ஆனால், திரும்பத் திரும்பச் சுமை ஏறும்போது இறக்கையைத் தாங்கும் மர உத்திரத்தில் நுண்ணிய விரிசல் தோன்றக்கூடும் என்பதால், குறித்த காலத்தில் சோதித்தே ஆக வேண்டும். பின்னர் வந்த காப் 10சி-யில் உத்திரத்துக்குக் கார்பன் இழை சேர்க்கப்பட்டது.