பெரியப்பாட பழைய லென்ஸ்: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் தெஹிவளையில இருக்கிறன். படம் எடுக்கிறது எனக்குப் பொழுதுபோக்கு. பெரியப்பா மோசம்போன பிறகு அவற்ற அலுமாரியில இருந்த பழைய பென்டக்ஸ் ஸ்பொட்மெட்டிக் கெமராவும் அதோட இருந்த சுப்பர் டகுமார் 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸும் எனக்கு வந்தது. கெமரா வேலை செய்யாது. லென்ஸை என்ட சொனி மிரர்லெஸ் டிஜிட்டல் கெமராவில (குரொப் சென்சர், அதாவது படம் விழுற சென்சர் பழைய பிலிமை விடச் சின்னன்) போடலாம் எண்டு ஒருத்தன் சொல்ல அடப்டர் வாங்கிப் போட்டு, ஒரு ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலுக்குக் கொண்டு போனன். எடுத்ததில முக்கால்வாசி மங்கல். எஃப் 8இல வச்சாலும் எஃப் 1.4இல வச்சாலும் ஒரே மாதிரித்தான் வருது. எல்லாப் படமும் ஒரு மஞ்சள். கண்ணாடியைப் பார்த்தால் பிளேன்ரீ நிறம், உள்ளுக்கு ஓரத்தில நூல் மாதிரி ஏதோ கிடக்கு. இன்ரர்நெட்டில தேடினால் இது கதிர்வீச்சு லென்ஸ் எண்டு வருது, அதைக் கேட்டதில இருந்து அம்மா வீட்டுக்குள்ள வைக்க விடுறா இல்லை. கூட்டாளிமார் ஓட்டோபோகஸ் இருக்கேக்க இது என்ன விசர் வேலை எண்டு கேக்கினம். வச்சிருக்கிறதா, வித்துப்போட்டு விடுறதா? ஒரு படம் அனுப்பியிருக்கிறன், பார்த்துச் சொல்லுங்கோ.

(தெஹிவளையில இருந்து ஒரு வாசகர்)

---

தம்பி,

முதல்ல அந்த எஃப் 8 விசயத்தை முடிப்பம், ஏனெண்டால் உங்கட பாதிக் கவலை அதுக்குள்ளதான் இருக்கு. லென்ஸில அப்பெர்ச்சர் (ஒளி போற ஓட்டை, எஃப் நம்பர் சின்னனெண்டால் ஓட்டை பெரிசு) வளையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் ஓட்டோ, மற்றப் பக்கம் மனுவல். உங்கடது ஓட்டோவில கிடக்கு எண்டு நினைக்கிறன். ஓட்டோவில இருந்தால் நீங்கள் எந்த நம்பரில வச்சாலும் உள்ளுக்கு இருக்கிற தகடுகள் விரிஞ்சபடியேதான் நிக்கும், ஷட்டர் அடிக்கிற நேரம் ஸ்பொட்மெட்டிக் கெமரா லென்ஸுக்குப் பின்னால நீட்டிக்கொண்டு நிக்கிற ஊசியை அமத்தினால்தான் அது மூடும், உங்கட அடப்டரில அந்த ஊசியை அமத்த ஒண்டும் இல்லைப் போல. சுவிட்சை மனுவலுக்குத் தள்ளிப்போட்டு வளையத்தைத் திருப்பிப் பாருங்கோ, முன்கண்ணாடிக்குள்ளால தகடு மூடுறது கண்ணுக்கே தெரியும்.

அப்ப நீங்கள் காலிமுகத்திடலில எடுத்தது முழுக்க 1.4இல எடுத்தது. உங்கட சென்சர் அளவுக்கு, ஒன்றரை மீற்றர் தூரத்தில நிக்கிற ஆளை 1.4இல எடுத்தால் தெளிவா விழுறது முன்னுக்குப் பின்னுக்கு எல்லாம் சேர்த்தே கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர்தான். ஆள் கொஞ்சம் குனிஞ்சால் போச்சு, நீங்கள் மூச்சு விட்டு உடம்பு அசைஞ்சாலும் போச்சு. அந்தக் காத்துக்குள்ள நிண்டு கால்வாசிப் படமாவது தெளிவா வந்திருக்கெண்டால் உங்கட கை நல்ல கை.

இனி நீங்கள் அனுப்பின படம். இறால் வடைக்காரரின்ட வண்டில். தட்டில முன்னுக்கு இருக்கிற இறாலின்ட மீசையை எண்ணலாம், எண்ணெய் மினுங்கிறது தெரியுது, அதுக்கு அங்கால அவற்ற முகம் பாதி கரைஞ்சு, பின்னால கடல் வெறும் வெளிச்சமாக் கிடக்கு. பிழைச்ச படம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். நான் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தனான். உங்கட கெமராவின்ட ஓட்டோபோகஸ் எண்டால் முகத்தைக் கண்டவுடன கண்ணைப் போய்ப் பிடிச்சிருக்கும், வேற ஒரு முடிவும் எடுத்திருக்காது, வடைக்காரர் ஒருத்தர் எண்டு இன்னொரு படம் வந்திருக்கும். இதில அந்தாளின்ட ஒருநாள் பிழைப்பு முன்னுக்கு நிக்குது, அவர் பின்னுக்கு நிக்கிறார். வேணுமெண்டு செய்தீங்களோ கை அங்க நிண்டுதோ எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்த முறை வேணுமெண்டே செய்யலாம்தானே, அதைத்தான் நான் இந்த லென்ஸுகளின்ட சந்தோஷம் எண்டு சொல்லுறன், எது தெளிவா இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கு.

பொகவந்தலாவையில ஒரு பழைய தேவாலயத்து முற்றத்தில பிரித்தானியப் படக்காரர் ஜூலியா மார்கரெட் கமெரனின்ட கல்லறை இருக்கு. 1863இல, 48 வயசில, மகள் வாங்கிக் குடுத்த கெமராவோட படம் எடுக்கத் தொடங்கினவ, 1875இல குடும்பத்தோட இலங்கைக்கு வந்து 1879இல மலைநாட்டிலயே செத்துப்போனவ. அவட படம் மங்கல், போகஸ் பண்ணத் தெரியாதவ எண்டு அந்தக் காலத்துப் படக்காரர் நல்லாத் திட்டினவை. அவ தன்ட நினைவுக்குறிப்பில சொன்னது இதுதான்: போகஸைத் திருப்பிக்கொண்டு போகேக்க தன்ட கண்ணுக்கு வடிவாத் தெரிஞ்ச இடத்தில தான் நிப்பாட்டிவிட்டவ, மற்றவை கேக்கிற அந்தக் கூரான இடத்துக்குப் போகேல்ல. இண்டைக்கு உலகத்தில பெரிய பெரிய மியூசியம் எல்லாம் அவட படங்களை வச்சிருக்கு. கூட்டாளிமார் இனிக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கோ. கெமரா உடம்புக்குள்ளயே ஓட்டோபோகஸோட மினோல்டா 7000 கெமரா வந்தது 1985இலதான், அதுக்கு முதல் பேப்பரில வந்த கிரிக்கெட் படம், கலியாண அல்பத்துப் படம் எண்டு கிட்டத்தட்ட எல்லாமே ஆராவது ஒராள் விரலால திருப்பிப் பிடிச்சதுதான்.

கையில என்ன நடக்குது எண்டும் கவனிச்சுப் பாருங்கோ. இப்பத்தைய மிரர்லெஸ் லென்ஸ் கனக்கவற்றில போகஸ் வளையம் கண்ணாடியோட தொடுப்பே இல்லை, நீங்கள் திருப்பினால் அது மோட்டருக்குச் சிக்னல் அனுப்பும், அவ்வளவுதான். டகுமாரில நீங்கள் திருப்புற வளையம்தான் திருகுமரையில கண்ணாடி முழுக்கத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வருது, கிறீஸ் காயாமல் இருந்தால் அந்த வழுவழுப்பு விரலுக்குத் தெரியும், கொஞ்ச நாளில தூரத்தைப் பார்த்தவுடன எந்தப் பக்கம் எவ்வளவு எண்டு கை தானாப் போகும். வேற சில கம்பனி லென்ஸ் மற்றப் பக்கம் திரும்பும், அதால அப்பிடி ஒண்டையும் இதையும் மாத்தி மாத்திப் பழகாதீங்கோ.

மிரர்லெஸ்ஸில இது இவ்வளவு சுகமா வேலை செய்யிறதுக்குக் காரணம் இடைவெளி. உங்கட லென்ஸின்ட எம்42 மவுண்டுக்கு (கெமராவில திருகிப் பூட்டுற வாய்), மவுண்டில இருந்து பிலிம் வரைக்கும் 45.46 மில்லிமீற்றர் வேணும், சொனியில சென்சர் 18 மில்லிமீற்றரிலயே இருக்கு, மிச்சம் 27 சொச்சத்தை அடப்டர் எண்ட வெறும் குழாய் நிரப்புது. கண்ணாடி ஒண்டும் தேவையில்லை. மலிவான அடப்டர் சிலது அளவில கொஞ்சம் கட்டையா இருக்கும், அதுகளில வளையத்தில இருக்கிற முடிவிலிக் குறிக்குக் (கனதூரம் எண்டதுக்கான குறி) கொஞ்சம் முதலே தூரத்தில இருக்கிறது தெளிவாகிடும், அதால தாமரைக் கோபுரத்தை எடுக்கேக்க குறியை நம்பாமல் கண்ணால பார்த்துப் பிடியுங்கோ.

போகஸ் பிடிக்கேக்க நிறக்கோடு காட்டுற பீக்கிங்கை 1.4இல நம்பாதீங்கோ, பாதி முகத்துக்கும் கோடு போட்டுக் காட்டும். படத்தைப் பெரிசாக்கிப் பார்க்கிறதை ஒரு பட்டனில போட்டு வையுங்கோ. கிட்டத்தில எடுக்கேக்க வளையத்தை விட்டுட்டு உடம்பை மெதுவா முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டிப் பிடிக்கிறது சுகம். குரொப் சென்சரில இது 75 எம்எம் மாதிரி வேலை செய்யும், அதால ஷட்டர் 1/125க்குக் கீழ போகாமல் பாருங்கோ.

தெருவில வேற முறை. விடியவே புறக்கோட்டைக்குப் போங்கோ, வெய்யில் மெயின் வீதியில சரிஞ்சு விழுற நேரம், எஃப் 8, தூரம் 5 மீற்றர் எண்டு வச்சுப்போட்டு வளையத்தைத் தொடாதீங்கோ. கிட்டத்தட்ட 4 மீற்றரில இருந்து 7 மீற்றர் வரைக்கும் வாறது எல்லாம் தெளிவா விழும். மூட்டை வண்டில் தள்ளிக்கொண்டு நாட்டாமி அந்த இடைவெளிக்குள்ள வரேக்க அமத்துறதுதான் வேலை, இந்த உலகத்தில எந்த ஓட்டோபோகஸும் அதைவிடக் கெதியா இல்லை, ஏனெண்டால் பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, நீங்கள் முதலே பிடிச்சு வச்சிட்டீங்கள். எவ்வளவு தூரம் தெளிவா விழும் எண்டு காட்ட லென்ஸில போட்டிருக்கிற ஆழக் கோடுகள் பிலிமுக்கு எண்டு போட்டது, உங்கட சென்சருக்கு எஃப் 8இல எடுத்தால் 5.6க்குரிய கோட்டைப் பாருங்கோ.

ஓடுற சின்னப் பிள்ளையளுக்கும் கலியாண வீட்டுக்கும் இதைக் கொண்டு போகாதீங்கோ. அங்க ஓட்டோபோகஸ்தான் சரி, அதில வாதாட ஒண்டும் இல்லை.

அம்மாட பயத்துக்கு வருவம். உண்மைதான், இந்த லென்ஸின்ட பின்பக்கக் கண்ணாடியில தோரியம் கலந்திருக்கு, ஒளியை நல்லா வளைக்கவும் நிறம் பிரியாமல் இருக்கவும் அந்தக் காலத்தில அப்பிடிச் செய்தவை. வெளிய வாற கதிர் குறைவு, தூரம் கூடக் கூட இன்னும் குறையும், அலுமாரியில வச்சிருக்கிறதிலயோ படம் எடுக்கிறதிலயோ பயப்பட ஒண்டும் இல்லை எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. உடைக்கக்கூடாது, அந்தக் கண்ணாடியைத் தேய்க்கக்கூடாது, தலைமாட்டில வச்சுக்கொண்டு படுக்கத் தேவையில்லை. மஞ்சளும் அதாலதான், வருசக்கணக்கா அந்தக் கதிரே கண்ணாடியின்ட நிறத்தை மாத்தினது. புறஊதா ஒளி பட்டால் குறையும். ஒரு சின்ன யூவி எல்ஈடி விளக்கைப் பின்கண்ணாடிப் பக்கமா வச்சுக் கொஞ்ச நாள் விடுங்கோ. வெய்யிலிலயும் செய்யலாம், ஆனால் கொழும்பு வெய்யிலில லென்ஸை ஆக்கள் இல்லாமல் யன்னலில வச்சால் அது வெளிச்சத்தைக் குவிச்சுத் திரைச்சீலையைக் கொளுத்திப்போடும், அதால நான் விளக்கைத்தான் சொல்லுவன். அதுவரைக்கும் கறுப்பு வெள்ளையில எடுங்கோ, மஞ்சள் பில்டர் போட்ட மாதிரி வானம் கொஞ்சம் இருண்டு வரும், அது ஒரு தனி வடிவு.

உண்மையாப் பயப்பட வேண்டியது அந்த நூலுக்கு. அது பங்கஸ், பூஞ்சணம். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து பின்பக்கத்தால போன் லைட்டை அடிச்சுப் பாருங்கோ, கிளை விட்டிருக்கிறது தெரியும். இப்ப ஓரத்தில கொஞ்சம்தான் எண்டால் படத்தில தெரியாது, எதிர் வெளிச்சத்தில மட்டும் வெளிறும். விட்டால் கண்ணாடியில பூசின கோட்டிங்கைத் தின்னும், பிறகு துடைச்சாலும் தடம் போகாது. எங்கட ஊர் ஈரத்துக்கு உடுப்பு அலுமாரிதான் லென்ஸுக்குப் பெரிய எதிரி, அதோட தோல் உறை இருந்தால் அதை இண்டைக்கே கழட்டி எறியுங்கோ, ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான். ஈரம் இழுக்கிற ட்ரை கபினெட் வாங்க ஏலாட்டி காத்துப் போகாத பிளாஸ்ரிக் பெட்டியில சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு ஈரப்பதத்தை 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில வச்சிருங்கோ. மற்ற லென்ஸுகளில இருந்து இதைத் தள்ளி வையுங்கோ.

விக்காதீங்கோ. ஆனால் இதைக் கையில எடுத்த கையோட ஹீலியோஸ் (பழைய சோவியத் லென்ஸ்) அது இது எண்டு வாங்கவும் தொடங்காதீங்கோ, அது காட்டுற சுழல்ற மங்கல் பின்னணி ஒரு மாசத்தில அலுத்துப்போகும், உங்களிட்ட இருக்கிறது அதைவிட எவ்வளவோ நல்ல லென்ஸ். காசைக் கிளீன் பண்ணுறதுக்கு வையுங்கோ. கிளீன் பண்ணுற ஆளிட்டக் குடுக்க முதல் அவர் பழைய எம்42 லென்ஸ் கழட்டியிருக்கிறாரோ எண்டு கேளுங்கோ, உங்களுக்கு முன்னாலயே லைட் அடிச்சுப் பங்கஸ் எந்தக் கண்ணாடியில இருக்கெண்டு காட்டச் சொல்லுங்கோ, கோட்டிங்கைப் பொலிஷ் பண்ணித் தாறன் எண்டு சொன்னாரெண்டால் லென்ஸை வாங்கிக்கொண்டு வந்துடுங்கோ.