பி-டின் இன்னும் வரவில்லையா? கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர் யாரானாலும் அங்குள்ள வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் பி-டின், அதாவது ரிட்டர்ன் தயாரிப்பவருக்கான அடையாள எண், வாங்கியாக வேண்டும். 2011 முதல் இதுதான் விதி. இந்த சீசனில் புதிதாக இறங்கியவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஆன்லைனில் பதினைந்து நிமிஷ வேலை என்றார்கள். எனக்கு விவரம் பொருந்தவில்லை என்று பாதியிலேயே நின்றுவிட்டது.

பதில்: கடைசியாகப் போட்ட உங்கள் சொந்த ரிட்டர்னை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள பெயர், முகவரி, தனியாளா தம்பதியா என்ற நிலை, இவற்றோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பெயர்தான் வில்லங்கம். ஊரில் 'செ. முருகன்' என்று இருந்தவர் எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) அட்டையில் முருகன் செல்வம் ஆகிறார், ரிட்டர்னில் யாரோ செல்வம் முருகன் என்று திருப்பிப் போட்டிருப்பார்கள், இவர் விண்ணப்பத்தில் மூன்றாவதாக ஒன்றை எழுதுவார். போன மாதம் ஒரு பெண்ணுக்குக் கூட உட்கார்ந்து பார்த்தேன், வீடு மாறியதால் ரிட்டர்னில் உள்ள முகவரியைக் கேட்ட இடத்திலும் புது முகவரியையே போட்டிருந்தாள். ரிட்டர்னில் இருந்த பழைய முகவரியைப் போட்டதும் அன்றைக்கே எண் வந்துவிட்டது.

கேள்வி: பி-டினுக்கான டபிள்யூ-12 விண்ணப்பப் படிவத்தைத் தபாலில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது, சத்தமே இல்லை. அதுவரை நண்பர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது தம்பி. தபால் வழிக்கு ஆறு வாரம் ஆகும் என்று ஐஆர்எஸ்ஸே சொல்கிறது, மூன்று வாரத்தில் பதறி இன்னொரு படிவம் அனுப்பிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிட்டர்ன் தயாரித்தவர் நீங்கள், கையெழுத்து இன்னொருவருடையது என்றால் அந்த நண்பரும் சேர்ந்து மாட்டுவார். எண் போடாமல் விட்டாலும் ரிட்டர்ன் ஒவ்வொன்றுக்கும் அபராதம் உண்டு. காத்திருக்கும் நாட்களில் அக்கா தங்கைக்கு இலவசமாகப் போட்டுக் கொடுங்கள், அதற்கு பி-டின் தேவையில்லை. கட்டணம் வாங்கும் வேலைக்கு, ரிட்டர்ன் போடக் கடைசி நாளான ஏப்ரல் 15 நெருங்கினாலும் சரி, வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அவசரம் என்றால் வேறு ஆளிடம் போகட்டும்.

கேள்வி: பி-டின் கையில் இருக்கிறது. ஆனாலும் இ-ஃபைல் செய்ய, அதாவது ரிட்டர்னை ஆன்லைனில் அனுப்ப, முடியவில்லையே?

பதில்: அதற்கு இ-ஃபின் என்று தனி எண். புதியவர்கள் பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள், பி-டின் வந்ததுமே எல்லாம் முடிந்தது என்று ஜனவரியில் கடையைத் திறந்துவிடுகிறார்கள். இ-ஃபினுக்கு உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார்கள், சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்), வக்கீல், இஏ (ஐஆர்எஸ் அங்கீகாரம் பெற்ற வரி நிபுணர்) போன்ற தகுதி இல்லாதவர்கள் கைரேகையும் கொடுக்க வேண்டும், 45 நாள் வரை இழுக்கும். நீங்களே வரி பாக்கி வைத்திருந்தாலோ ரிட்டர்ன் போடாமல் விட்டிருந்தாலோ அதுவும் அங்கே வந்து நிற்கும். வருஷத்துக்கு 11 ரிட்டர்னோ அதற்கு மேலோ போடுவீர்கள் என்றால் இ-ஃபைல் கட்டாயம், அதனால் அக்டோபரிலேயே ஆரம்பியுங்கள். ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அவர்களுடைய இ-ஃபினே போதும்.

கேள்வி: சென்னையில் அமெரிக்க ரிட்டர்ன் வேலை பார்க்கிறேன், எஸ்எஸ்என் கிடையாது. நான் என்ன செய்வது?

பதில்: வெறும் டேட்டா என்ட்ரி என்றால் பி-டின் வேண்டாம். ரிட்டர்னை முழுசாகவோ பெரும்பகுதியோ தயாரிக்கிறீர்கள் என்றால் வேண்டும், அப்போது விண்ணப்பத்தோடு 8946 என்ற துணைப் படிவமும் அடையாள ஆவணமும் போக வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எப்படியோ அப்படியே எழுதுங்கள், முன்னெழுத்தை இஷ்டத்துக்கு விரிக்காதீர்கள்.

கேள்வி: பி-டின் ஒரு தடவை வாங்கினால் போதுமா?

பதில்: எண் அதேதான், ஆனால் ஒவ்வொரு டிசம்பர் 31-லும் காலாவதியாகும். 2026-க்குக் கட்டணம் 18.75 டாலர். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இது போக மாநிலத்திலும் தனிப் பதிவு உண்டு, சிபிஏ, இஏ, வக்கீல் தவிர மற்றவர்கள் 60 மணி நேர வகுப்பு முடித்து, 5,000 டாலருக்கு பாண்டும் (உத்தரவாதப் பத்திரம்) எடுக்க வேண்டும்.