வாசகர் கேள்வி பதில்: எச்-இண்டெக்ஸ் 7 என்றால் மோசமா?

கேள்வி: என் மகள் டர்பனில் சமூகவியல் விரிவுரையாளர். அவளுடைய எச்-இண்டெக்ஸ் 7. என் நாத்தனார் மகன் மருத்துவ ஆய்வில் இருக்கிறான், அவனுக்கு 31. கல்யாண வீட்டில்கூட இதே பேச்சு. 7 அவ்வளவு மோசமா? (வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: மோசமே இல்லை அம்மா. அவள் எழுதியவற்றில் 7 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 7 தடவையாவது பிறர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். 2005-இல் ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் தன் துறைக்காரர்களை எடைபோடக் கொண்டுவந்த கணக்கு இது. உயிரியல் பக்கம் இந்த எண் கூடுதலாகத்தான் வரும் என்று அவரே அப்போதே எழுதிவிட்டார். மருத்துவக் கட்டுரையில் இருபது பேர் பெயர் இருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், அத்தனை பேர் கணக்கிலும் அந்த மேற்கோள்கள் முழுசாக ஏறும். உங்கள் மகளோ தனியாகவோ இன்னொருவரோடு சேர்ந்தோ வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்து, அதைக் கேட்டு எழுதி, அப்புறம்தான் கட்டுரைக்கே வருவாள். இன்னொன்று, அவள் ஒரு நல்ல புத்தகம் எழுதி அதை 500 பேர் மேற்கோள் காட்டினாலும் எச்-இண்டெக்ஸில் அது ஒரே ஒரு உருப்படிதான். புத்தகத்துக்கு மதிப்புள்ள துறையை இதை வைத்து அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் அவள் துறையில், அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சேர்ந்தவர்களோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஆய்வு மேற்கோள்களை எண்ணும் இணையத் தளங்களில், கூகுள் ஸ்காலரில் எனக்கு 410 மேற்கோள், ஸ்கோபஸில் 130. பதவி உயர்வுப் படிவத்தில் எதைப் போடுவது? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இரண்டையும் போடுங்கள், எங்கே எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்பதோடு. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் சில புத்தகங்களையும்தான் பார்க்கும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, அறிக்கை, இன்னும் அச்சேறாத வரைவு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்க்கும், ஒன்றையே இரண்டு தடவை சேர்த்தாலும் சேர்க்கும். நம் நாட்டுச் சமூக ஆய்வுகள் பல உள்ளூர்ப் புத்தகங்களிலும் அரசு அறிக்கைகளிலும்தான் பேசப்படுகின்றன, அதனால் சிறிய எண்ணை மட்டும் காட்டி நீங்களே உங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அனுப்புவதற்கு முன் பட்டியலை ஒரு தடவை முழுக்கப் படித்துப் பாருங்கள். கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று நமக்கிருப்பது நாலைந்து குடும்பப் பெயர்தான், முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல் வேறு. பல் மருத்துவர் எழுதியது சமூகவியலாளர் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களுக்குத் தலைகீழ்த் தொல்லை, பாதி எழுத்து பழைய பெயரிலேயே தங்கிவிடும். ஆய்வாளர் இன்னார் என்று அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண்ணை இலவசமாக வாங்கி, எழுதுவது எல்லாவற்றிலும் அதைப் போடுங்கள்.

கேள்வி: கட்டுரை எழுதினால் அரசாங்கம் பணம் தருகிறதாமே? அப்படியென்றால் அரசாங்கமே தரத்தை அளக்கிறது என்று ஆகாதா? (வாசகர், பீனிக்ஸ்)

பதில்: ஆகாது. உயர்கல்வித் துறை மானியம் தருவது பல்கலைக்கழகத்துக்கு, எழுதியவருக்கு அல்ல. அதில் ஒரு பங்கை அவருடைய ஆய்வுக் கணக்கில் போடும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அங்கீகரித்த பட்டியலில் உள்ள இதழில் வந்த கட்டுரைக்கு மானியக் கணக்கில் ஒரு யூனிட், பல ஆசிரியர்கள் என்றால் பங்கு பிரியும். முழு ஆய்வு நூலுக்கு 10 யூனிட் வரை கிடைக்கலாம். அதை யார் படித்தார், யார் மேற்கோள் காட்டினார் என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. ஒரே ஆய்வை மூன்று துண்டாக்கி மூன்று கட்டுரை போடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி: சமூகவியலாளர் பாத்திமா மீர் போன்றவர்களுக்கு இன்று இந்த எண்களைப் போட்டால் எவ்வளவு வரும்? (வாசகி, லெனேஷியா)

பதில்: எண்ணைச் சொல்வதில் எனக்கு ஆர்வம் இல்லை, ஏன் சொல்லக்கூடாது என்று சொல்கிறேன். 1976-இல் நிறவெறி அரசு அவர்மீது ஐந்து ஆண்டுத் தடையாணை போட்டது. தடை செய்யப்பட்டவர் பேச்சையோ எழுத்தையோ இந்த நாட்டில் மேற்கோள் காட்டி அச்சடிப்பது அப்போது சட்டப்படி குற்றம். நேட்டால் பல்கலைக்கழகத்தில் அரசியல் சொல்லிக்கொடுத்த ரிக் டர்னருக்கும் 1973-இல் அதே கதி, 1978-இல் டர்பனில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சக ஆய்வாளர் பெயரைத் தாளில் எழுதவே பயந்த அந்த வருடங்களை எந்தக் கணினி எப்படிக் கழித்துக் காட்டும்?

கேள்வி: தம்பிக்கு என்.ஆர்.எஃப். (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) 'சி' ரேட்டிங் கொடுத்திருக்கிறது. வீட்டில் அம்மா அழுகிறார். (வாசகர், டோங்காட்)

பதில்: மெட்ரிக் பரீட்சை 'சி' இல்லை இது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்! நிலைபெற்ற ஆய்வாளர் என்று அர்த்தம். கடந்த எட்டு ஆண்டில் அவர் எழுதியதை அதே துறைக்காரர்கள் படித்துப் பார்த்துக் கொடுத்த எழுத்து, வெறும் மேற்கோள் கூட்டல் இல்லை. வீட்டில் ஒரு பாயசம் வைக்கச் சொல்லுங்கள்.